பயணியின் பைஜாமா

மில்டன் குபாலாவைத் துணை ஷெரிப் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனபோது, நான் மில்டனின் காரில், பின்சீட்டில், உருளைக்கிழங்கு சாலட் கிண்ணத்தை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். ரோஸனாவ் ஊரில் இந்தக் கதையைப் பதினெட்டு விதமாகச் சொல்கிறார்கள். சொல்கிறவர்களில் ஒருவர்கூட அந்தக் காரில் இல்லை. ஆகவே மற்றவர்கள் சொன்னதை மறந்துவிட்டு நான் சொல்வதைக் கேளுங்கள்.

மில்டனும் வெர்லீனும் எனக்கு எதிர்வீடு. கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். மில்டனுக்குக் கேஸ் கம்பெனியில் வேலை. லாரி ஓட்டுகிற வேலை இல்லை. லாரி போவதற்கு முன்னால் தன் சொந்தக் காரில் பண்ணை பண்ணையாகப் போய், கொல்லையில் நிற்கிற கேஸ் டாங்கின் மேல் அளவுமானியை மூடியிருக்கிற மூடியைத் திறந்து, முள் எந்த எண்ணில் நிற்கிறது என்று பார்த்து எழுதிக்கொண்டு வருகிற வேலை. டெக்ஸாஸ் வெயிலில் அந்த மூடிக்கடியில் மட்டும்தான் நிழல். பாம்புக்கும் அது தெரியும். எண்பத்தாறாம் வருஷம் ஒரு மூடியைத் திறந்தபோது உள்ளே சுருண்டிருந்த பாம்பு தலையைத் தூக்கி மில்டனை ஒரு பார்வை பார்த்தது. அந்த வாரமே அவர் தன் சித்தப்பா மகனிடமிருந்து ஒரு கைத்துப்பாக்கி வாங்கிவிட்டார். அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவை சுட்டிருக்கிறார். பாம்பு தன் வழியே போய்விட்டது. காரின் முன்சக்கரத்துக்கு மேலுள்ள தகட்டில் ஓட்டை விழுந்தது.

ஓட்டையைப் பார்த்த வெர்லீன், "அதை இன்னைக்கே திருப்பிக் குடுத்துடு. இல்லேன்னா அடுத்து உன் கால்ல சுட்டுக்குவ," என்றாள். மில்டன் சரி என்றார். மறுநாள் கொடுத்துவிட்டேன் என்றார். கொடுக்கவில்லை. டேஷ்போர்டு பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.

இங்கேதான் சட்டம் வருகிறது. எங்கள் மாநிலத்துச் சட்டம் ஒரு தினுசு. பிக்கப் வண்டியின் பின்கண்ணாடியில் இரண்டு நீளத் துப்பாக்கிகளை ஊர் பார்க்கத் தொங்கவிட்டுக்கொண்டு மாவட்டம் முழுக்கச் சுற்றலாம். யாரும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். ஆனால் உள்ளங்கை நீளக் கைத்துப்பாக்கியை டேஷ்போர்டுக்குள் வைத்தால் குற்றம். பயணம் போகிறவனுக்கு மட்டும் விலக்கு உண்டு. பயணம் என்றால் எது? அதை முடிவு செய்வதற்கென்றே எங்கள் ஊரில் ஓர் இடம் இருக்கிறது.

மெயின் ரோட்டில் ஆர்னோ ஃபுக்ஸின் முடிவெட்டும் கடைக்குப் பின்னால் உள்ள டாமினோ அறைதான் அது. ஆர்னோ பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மாட்டுத் திருட்டு வழக்கில் ஜூரியாக உட்கார்ந்தவர். அன்றிலிருந்து சட்டம் முழுக்க அவர் வாயில்.

"மூணு மாவட்ட எல்லையைத் தாண்டணும். தாண்டிட்டா நீ பயணி. ரெண்டோட நின்னுட்டா நீ குற்றவாளி," என்றார் ஆர்னோ, காயைத் தட்டி வைத்தபடி.

"மூணு இல்லப்பா, ரெண்டு போதும்," என்றார் தீவனக் கடை எர்வின். "ஆனா ஒரு ராத்திரி தங்கணும்."

"தங்கவே வேண்டாம். தோட்டா ஒரு பக்கம், துப்பாக்கி ஒரு பக்கம் வெச்சா அது துப்பாக்கியே இல்ல, வெறும் இரும்பு," என்றது ஒரு குரல்.

"அதெல்லாம் விடு. சீட்டு மேல எல்லார் கண்ணுக்கும் படற மாதிரி போட்டு வை. ஒளிச்சாத்தானே தப்பு?" என்றது இன்னொரு குரல்.

"மீன் பிடிக்கப் போறவனுக்கும் விலக்கு இருக்கு. அதான் என் வண்டியில எப்பவும் தூண்டில் இருக்கும்," என்றார் எர்வின். ரோஸனாவிலிருந்து முப்பது மைலுக்கு முழங்கால் நனையத் தண்ணீர் கிடையாது.

மில்டன் கவலையோடு கேட்டார். "நான் ஒரு எல்லையும் தாண்டறதில்லையே ஆர்னோ. என் பண்ணை எல்லாம் இந்த மாவட்டத்துக்குள்ளதானே?"

"தாண்டணும்னு யாருடா சொன்னா? தாண்டப் போறவன் மாதிரி இருக்கணும். டிக்கியில ஒரு பெட்டி வை."

"வெறும் பெட்டியா?"

"திறந்து பார்க்கமாட்டானா? ரெண்டு சட்டை, சவர சாமான், பல் பிரஷ். முக்கியமா ராத்திரி போட்டுக்கற துணி. அது இல்லாம எவன் வெளியூர்ல தங்குவான்?"

"நான் பைஜாமா போட்டதே இல்லையே."

"அது ஷெரிப்புக்கு எப்படிடா தெரியும்?" என்ற ஆர்னோ, மேஜை இழுப்பறையைத் துழாவி, காகிதம் சுற்றிய சின்ன சோப்பு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். விக்டோரியா நகரத்து மோட்டல் ஒன்றின் பெயர் அதில் அச்சடித்திருந்தது. "இதையும் உள்ள போடு. அடிக்கடி பயணம் போறவன்னு ஒரு நம்பிக்கை வரும்."

"வெர்லீன்கிட்ட சொல்லிடட்டுமா?"

"எதுக்கு? துப்பாக்கியைக் குடுத்துட்டேன்னு சொல்லியிருக்கியே. சட்ட விஷயத்தை வீட்டுக்குக் கொண்டுபோகாதே."

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது. முன்பே தெரிந்திருந்தால் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேனா என்று கேட்டால், அதுவும் சந்தேகம்தான்.

ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. மில்டன் எர்வினோடு அவர் வண்டியில் எங்கோ போயிருந்தார். வெர்லீன் பீச் பழம் ஊறப்போட காலி ஜாடிகளைத் தேடிக்கொண்டிருந்தாள். கார் டிக்கியைத் திறந்தவள் ஐந்து நிமிஷத்தில் என் சமையலறைக் கதவைத் தட்டினாள்.

"ஓப்பல், கொஞ்சம் வா. வந்து பாரு."

அவள் சமையலறை மேஜையில் பழுப்புப் பெட்டி திறந்து கிடந்தது. மடித்த சட்டை இரண்டு. மில்டன் மடித்தவை என்பது பார்த்தாலே தெரிந்தது. கோடு போட்ட புதுப் பைஜாமா. மோட்டல் சோப்பு.

"இருபத்தாறு வருஷமா அந்த மனுஷன் பனியனோட தூங்கறான்டி," என்றாள் வெர்லீன். "இது யாருக்கு?"

நான் பைஜாமாவைப் பிரித்துப் பார்த்தேன். மில்டன் ஒல்லி. அந்தப் பைஜாமாவுக்குள் இரண்டு மில்டனும் ஒரு தலையணையும் போகலாம்.

"வாங்கினவளுக்கு இன்னும் இவரோட அளவு சரியாத் தெரியல," என்றேன். சொல்லியிருக்கக்கூடாது. ஆனால் அந்த நேரத்தில் அது நல்ல துப்பு மாதிரி தோன்றியது.

வெர்லீன் சோப்பை முகர்ந்தாள். "விக்டோரியா," என்றாள். "நான் இருபத்தாறு வருஷத்துல மூணு தடவை விக்டோரியா போயிருக்கேன். மூணு தடவையும் அவன் அம்மாவோட கண் ஆஸ்பத்திரிக்கு."

"கேட்டுடேன்."

"கேட்டா என்ன சொல்வான்? ஒண்ணுமில்லேம்பான். கார்ல ஓட்டையைக் கேட்டப்பவும் முதல்ல ஒண்ணுமில்லேன்னுதான் சொன்னான்." பெட்டியை இருந்தது இருந்தபடி அடுக்கி மூடினாள். மில்டன் கோணலாக மடித்த மடிப்பைக்கூட அவள் நேராக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "ஞாயித்துக்கிழமை ஹ்ராடெக் சர்ச் பிக்னிக்குக்கு அடலின் வருவா. அங்கிருந்து அவளோட போயிடறேன். எல்லார் எதிர்லயும் இருக்கும். அவனால கத்த முடியாது."

அடலின் அவள் அக்கா. ஹூஸ்டனில் இருக்கிறாள். நான் என்ன சொன்னேன் என்பதை மறைக்க மாட்டேன். "போறதுன்னா உன் நல்ல சாமானையெல்லாம் எடுத்துட்டுப் போடி," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் சாலட் கிண்ணத்தோடு போனபோது புருஷனும் பெண்டாட்டியும் கார் டிக்கிக்கு முன்னால் நின்றிருந்தார்கள்.

"மடக்கு நாற்காலியை நான் வெச்சுக்கறேன், நீ போய் உட்காரு," என்றார் மில்டன்.

"எல்லாம் வெச்சாச்சு. போர்வை போட்டு மூடியாச்சு. நீ திறக்க வேண்டாம்," என்றாள் வெர்லீன்.

"திறக்கல. நீயும் திறக்காதே."

"நான் எதுக்குத் திறக்கறேன்?"

இரண்டு பேரும் டிக்கிக்குக் காவல் நின்றார்கள். எனக்குக் காரணம் ஒரு பாதிதான் தெரியும். அந்தப் பாதிக்கே வியர்த்தது. சாலட்டை எங்கே வைப்பது என்று கேட்டேன். மடியிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னார்கள், இருவரும் ஒரே குரலில். அந்த வாரம் முழுக்க அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான்.

ஊரைத் தாண்டி ஆறு மைல் போயிருப்போம். பின்னால் சிவப்பு விளக்கு சுழன்றது. மில்டன் ஓரங்கட்டினார். துணை ஷெரிப் டுவெய்ன் ஷில்லர் இறங்கி வந்தான். இருபத்துநாலு வயசுப் பையன். அவன் அப்பாவின் பண்ணை டாங்கை மில்டன்தான் பார்க்கிறார்.

"காலை வணக்கம் மிஸ்டர் குபாலா. பிரேக் விளக்கு ஒண்ணு எரியல. லைசென்ஸ் குடுங்க. இன்ஷூரன்ஸ் காகிதம் இருக்கா?"

மில்டன் லைசென்ஸைக் கொடுத்தார். அதற்குமேல் அசையவில்லை. "காகிதம்... அது வீட்டுல..."

"வீட்டுல இல்ல. இதுலதான் இருக்கு," என்ற வெர்லீன், சாவிக் கொத்தைப் பிடுங்கி டேஷ்போர்டு பெட்டியைத் திறந்தாள். காகிதங்கள் சரிந்தன. அவற்றோடு கைத்துப்பாக்கியும் வழுக்கிக்கொண்டு வந்து அவள் ஞாயிற்றுக்கிழமைப் பாவாடையில் விழுந்தது.

"மேடம், கையைத் தூக்குங்க! அதைத் தொடாதீங்க!"

"நான் எங்கப்பா தொட்டேன்? அதுதான் என்மேல விழுந்துச்சு." கையைத் தூக்கிய நிலையிலேயே அவள் மில்டன் பக்கம் திரும்பினாள். "திருப்பிக் குடுத்துட்டேன்னு சொன்னியே!"

டுவெய்ன் துப்பாக்கியை எடுத்துத் தோட்டாக்களைக் கழற்றினான். எங்கள் மூவரையும் இறங்கச் சொன்னான். "மிஸ்டர் குபாலா, இதை இப்படி வண்டியில வெச்சுக்கிட்டுச் சுத்தக்கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

அந்தக் கேள்விக்காகத்தான் ஒரு வருஷமாகக் காத்திருந்தவர் போல மில்டன் நிமிர்ந்தார். "நான் பயணி," என்றார்.

"எங்க போறீங்க?"

"போமான்ட்," என்றார். ஆர்னோ சொன்ன மூன்று எல்லைக்கும் அப்பால் இருக்கிற ஊர்.

"எத்தனை நாள்?"

"ஒரு ராத்திரி தங்குவேன்."

"யார் வீட்டுல?" இதைக் கேட்டது டுவெய்ன் இல்லை. வெர்லீன்.

டுவெய்ன் என்னைப் பார்த்தான். "நீங்களும் போமான்ட்டா மேடம்?"

"நான் பிக்னிக்குக்கு," என்றேன். சட்டத்தின் முன் பொய் சொல்ல எனக்கு வராது. "இது மயோனைஸ் போட்ட சாலட் தம்பி. போமான்ட் வரைக்கும் தாங்காது."

"நம்பிக்கை இல்லேன்னா டிக்கியைத் திறந்து பாரு," என்றார் மில்டன் பெருமையாக. திறந்தும் விட்டார்.

டுவெய்ன் நாற்காலிகளை நகர்த்தி, போர்வையை விலக்கி, பழுப்புப் பெட்டியை எடுத்துத் திறந்தான். சட்டைகளைப் பார்த்தான். பைஜாமாவைப் பார்த்தான். சோப்புக் காகிதத்தை இரண்டு தடவை படித்தான். அவன் முகம் தெளிந்தது. ஆர்னோவைப் பற்றி நான் என்ன சொன்னாலும், அந்தச் சோப்பு நன்றாக வேலை செய்தது.

"சரி, பயணம்தான் போலிருக்கு. அந்தப் பச்சைப் பெட்டி?"

மில்டன் குனிந்து பார்த்தார். "அது என்னுது இல்லையே."

"என்னுது," என்றாள் வெர்லீன்.

"ரெண்டு பேரும் சேர்ந்து போறீங்களா? அப்ப சந்தேகமே இல்ல." டுவெய்ன் பச்சைப் பெட்டியை ஒரு கையால் தூக்கப் பார்த்தான், முடியவில்லை. "அடேயப்பா! இதுல என்ன மேடம்?"

"வாணலி."

டுவெய்ன் சிரித்துவிட்டு டிக்கியை மூடப் போனான். "பிரேக் விளக்கை மட்டும் மாத்திடுங்க. நீங்க போலாம்."

விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். எல்லோரும் காரில் ஏறியிருப்போம். பிக்னிக்கில் வெர்லீன் அடலினின் காருக்கு மாறியிருப்பாள். ஆனால் மில்டன் நகரவில்லை.

"எந்த வாணலி?" என்றார்.

"எங்கம்மா வாணலி."

அந்த வார்ப்பிரும்பு வாணலியை எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். வெர்லீன் அதற்குச் சோப்புப் போடவிட மாட்டாள். இரவல் தரமாட்டாள். கேன்சருக்கு ஆபரேஷன் பண்ண ஆஸ்பத்திரிக்குப் போனபோது அதற்கு எண்ணெய் தடவி வைக்கச் சொல்லி எனக்குச் சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போனவள். திரும்பி வருகிற எந்த இடத்துக்கும் அவள் அதை எடுத்துக்கொண்டு போனதில்லை.

மில்டனின் முகத்தில் இருந்த பயணி இறங்கிப் போய்விட்டான். "நீ எங்க போற வெர்லீன்?"

"அடலினோட. நீ எங்க போற?"

"நான் எங்கயும் போகல."

டுவெய்ன் கையை உயர்த்தினான். "மிஸ்டர் குபாலா, ஒரு நிமிஷம். நீங்க போமான்ட் போறீங்க."

"இல்ல தம்பி. நான் எங்கயும் போகல. போனதும் இல்ல. அந்தப் பெட்டி ஒரு வருஷமா அப்படியே டிக்கியில கிடக்கு. துப்பாக்கிக்காக வெச்சது. எவனாவது பிடிச்சா பயணின்னு காட்டறதுக்கு."

"நான் இதைக் கேக்கல," என்றான் டுவெய்ன். "இப்பதான் நீங்க பயணின்னு முடிவு பண்ணினேன். தயவுசெஞ்சு பேசாம வண்டியில ஏறுங்க."

"பேசாம ஏறினா இவ போயிடுவா."

வெர்லீன் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அந்த நேரத்தில் அவளுக்கு ஷெரிப்பும் தெரியவில்லை, நானும் தெரியவில்லை. "பைஜாமா யார் வாங்கிக் குடுத்தா?"

"நான்தான் வாங்கினேன். கடையில."

"உன் அளவு என்ன?"

மில்டன் யோசித்தார். வயலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார், நான் உதவுவேன் என்பது போல. "தெரியாது," என்றார் கடைசியில். "எப்பவும் நீதானே வாங்குவ. கடைக்காரப் பொண்ணு கேட்டா. எனக்கு வெக்கமாப் போச்சு. பெருசா ஒண்ணு குடும்மான்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

வெர்லீனின் கட்டிய கைகள் தளர்ந்தன. எனக்கும் அந்த இடத்தில் புரிந்துவிட்டது. மில்டனின் சட்டைக் காலர் அளவு, காலுறை அளவு, தொப்பி அளவு எல்லாமே அவளுக்குத்தான் தெரியும். தன் அளவு தனக்கே தெரியாத ஒருவன் அந்தப் பைஜாமாவை வாங்கியிருக்கிறான் என்றால், அது இந்த மாவட்டத்தில் மில்டன் மட்டும்தான்.

"சோப்பு?"

"ஆர்னோ குடுத்தான்."

"ஆர்னோவுக்கு எங்கேருந்து வந்துச்சு?"

அதற்கான பதிலை ஆர்னோவின் மனைவி அந்த வாரமே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

டுவெய்ன் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தான். "மிஸ்டர் குபாலா, கடைசியாக் கேக்கறேன். நல்லா யோசிச்சு சொல்லுங்க. நீங்க பயணம் போறீங்களா, இல்லையா?"

"ஆமான்னு சொல்லிடுங்களேன் மில்டன்," என்றேன் நான். எனக்குச் சாலட் கவலை.

மில்டன் வெர்லீனைப் பார்த்தபடி, "இல்ல," என்றார்.

"எப்பவாவது போற எண்ணம்?"

"இல்ல."

பையன் பெருமூச்சுவிட்டான். "துப்பாக்கியை டிக்கியில பூட்டிட்டு, பெட்டியை முன்னாடி சீட்டுல வெச்சிருந்தீங்கன்னா நான் எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன். நீங்க ரெண்டையும் மாத்தி வெச்சிருக்கீங்க," என்று சொல்லி மில்டனைத் தன் வண்டியில் ஏற்றினான். கைவிலங்கு போடவில்லை. ஊரில் போட்டதாகச் சொல்கிறார்கள். போடவில்லை. குனிந்து ஏறும்போது தலை இடிக்காமல் பிடித்துக்கொண்டான், அவ்வளவுதான்.

மாவட்டத் தலைநகருக்கு ஒன்பது மைல். வெர்லீன் பின்னாலேயே காரை ஓட்டினாள். வழி முழுக்க ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினாள். "பார்த்தியாடி, என் மூஞ்சியப் பார்த்துக்கிட்டே இல்லேன்னு சொல்றான்." திட்டுகிற தொனிதான். ஆனால் அதை மூன்று தடவை சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆனதால் ஷெரிப் ஆபீசில் டெலிபோன் பார்க்கிற ஒரு பெண்மணி மட்டும் இருந்தாள். ஜாமீன் கொடுக்க வேண்டிய ஜட்ஜ் பெனெஷ் ஹ்ராடெக் பிக்னிக்கில் கறிக்குழம்பு அண்டாவைக் கிண்டிக்கொண்டிருந்தார். சர்ச் ஹாலுக்குப் போன் போட்டார்கள். அவர் வரும்வரை வெர்லீன் சும்மா உட்காரவில்லை. அலமாரியிலிருந்த சட்டப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலால் வரி வரியாகத் தேடினாள்.

"இதோ இருக்கு. பயணம் செய்பவர். அவ்வளவுதான் போட்டிருக்கு." பக்கத்தைப் புரட்டினாள். திருப்பிப் புரட்டினாள். "எத்தனை மாவட்டம்னு இல்லையே. பைஜாமாவைப் பத்தி ஒரு வார்த்தை இல்லையே."

ஜட்ஜ் பெனெஷ் வந்து சேர்ந்தார். ஏப்ரனைக் கழற்றக்கூட நேரமில்லை, நெஞ்சில் குழம்புக் கறை. அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தது அடலின். எங்களை எதிர்பார்த்துப் பிக்னிக்கில் காத்துக் காத்து, செய்தி கேட்டதும் ஜட்ஜையே கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

வெர்லீன் புத்தகத்தோடு அவர் எதிரில் போய் நின்றாள். "ஜட்ஜ், எத்தனை மாவட்டம் தாண்டினா பயணம்? மூணா ரெண்டா?"

"சட்டத்துல எண்ணே கிடையாது வெர்லீன். எவ்வளவு தூரம், எத்தனை நேரம், எதுக்குப் போனான், எல்லாத்தையும் வெச்சுத்தான் முடிவு பண்ணணும்."

"யாரு?"

"வழக்கு வந்தா ஜூரி."

"ஜூரின்னா?"

"ஊர்க்காரங்கதான். பன்னெண்டு வருஷம் முன்னாடி ஆர்னோ இருந்தானே, அது மாதிரி."

வெர்லீன் புத்தகத்தை மூடினாள். மறுபடி திறக்கவில்லை.

ஜாமீன் பணம் கேட்காமல், மில்டனை அவர் சொந்தக் கையெழுத்தின் பேரிலேயே அனுப்பினார்கள். அடுத்த மாதம் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினார், துப்பாக்கியை ஷெரிப் ஆபீஸ் வைத்துக்கொண்டது. ஆனால் அன்று மாலை நான்கு மணிக்கு வாசற்படியில் நடந்தது எனக்கு அதைவிட முக்கியம். அடலின் தன் காரை ஸ்டார்ட் செய்து வைத்திருந்தாள்.

"பெட்டியை எடு, போலாம். இப்ப கிளம்பினாத்தான் இருட்டறதுக்குள்ள ஹூஸ்டன் போய்ச் சேரலாம்," என்றாள்.

மில்டன் படியின் ஓரத்தில் நின்றார். கெஞ்சவில்லை. காரின் பின்பக்கம் போய், பச்சைப் பெட்டியை இரண்டு கையாலும் இறக்கி, அடலினின் காருக்கும் தன் காருக்கும் நடுவில் தரையில் வைத்தார். வைத்துவிட்டு விலகி நின்றார்.

வெர்லீன் பெட்டியைப் பார்த்தாள். "நீ போ அடலின்."

"என்னடி, இவ்வளவு நடந்த பிறகா?"

"பொய் சொல்லியிருந்தா இந்நேரம் அவன் சாசேஜ் தின்னுக்கிட்டு இருந்திருப்பான். சொல்லல." பிறகு மில்டன் பக்கம் திரும்பினாள். "சந்தோஷப்படாதே. துப்பாக்கியைக் குடுத்துட்டேன்னு ஒரு வருஷம் ஏமாத்தியிருக்க. அதை வீட்டுல பேசிக்கலாம். பெட்டியைத் தூக்கு. மெதுவா, அடியில தட்டு இருக்கு."

வீடு திரும்பும்போது கெட்டுப்போன சாலட்டை வழியில் ஒரு பள்ளத்தில் கொட்டினோம். வெர்லீனுக்கு வரைபடத்தில் போமான்ட் எங்கே இருக்கிறது என்று பார்க்கத் தோன்றிவிட்டது, சிக்னலில் நிற்கும்போது எடுத்து விரித்துப் பார்த்தாள். மடித்து வைத்தாள்.

டாமினோ அறை இந்த வழக்கிலிருந்து தனக்கு வேண்டிய சட்டத்தை அன்றே எடுத்துக்கொண்டுவிட்டது. பெண்டாட்டி கூட இருக்கும்போது பயணம் செல்லாது என்கிறார் எர்வின். பெட்டி இரண்டு இருந்தால் ஒன்றையொன்று ரத்து செய்துவிடும் என்பது ஆர்னோவின் தீர்ப்பு. அதைக் கேட்டுக் குறைந்தது நாலு பேர் தங்கள் பெட்டிகளை மாற்றி அடுக்கியிருக்கிறார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிவரை பொறுத்திருந்தேன். அதற்குமேல் முடியவில்லை. கேக்குக்கு முட்டை குறைகிறது என்று எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். வெர்லீன் பாதிக் கதவைத் திறந்தாள். உள்ளே போய் இரண்டு முட்டை கொண்டுவந்து என் கையில் வைத்தாள்.

"முட்டை இந்தா, ஓப்பல். கேள்வி இன்னைக்கு வேண்டாம்," என்றாள். கதவு சாத்திக்கொண்டது. அடுத்த நிமிஷம் சமையலறை ஜன்னலில் திரை இழுபட்டது. பதினைந்து வருஷமாக எதிரில் இருக்கிறேன், அந்த ஜன்னலுக்குத் திரை உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

உள்ளே வெர்லீன் ஏதோ கோபமாகச் சொன்னாள். மில்டன் ஏதோ பதில் சொன்னார். பிறகு யாரோ சிரித்தார்கள். எந்தக் குரல் என்று நின்று கேட்டேன். முட்டைகள் கையில் சூடேறும்வரை நின்றேன். தெரியவில்லை.